மஞ்சள் நகமும் வைக்கோல் சூரியனும்

பேசின் சிவந்தது.

வெள்ளைப் பீங்கான் பேசின். கைநிறையச் சவர்க்காரம். என் விரல் நுனிகளிலிருந்து மஞ்சளாக இறங்கிய தண்ணீர், நுரையில் பட்டதும் செங்காவியாக மாறி, ஓட்டையைச் சுற்றி வட்டம் போட்டு நின்றது. எனக்குப் பின்னால் பட்டறை முதலாளி மதாம் நின்றார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சாட்சி போதாதா?" என்று பிரெஞ்சில் கேட்டார். குரலில் கோபம் இல்லை. கோபமாகக் கேட்டிருந்தால் எனக்கும் பதில் வந்திருக்கும். பாவம் பார்ப்பதுபோல் கேட்டார். பிறகு கொக்கியில் தொங்கிய துணியை எடுத்து என்னிடம் நீட்டி, பேசினைத் துடைத்துவிட்டு வரச் சொன்னார். நானும் துடைத்தேன். சிவப்பு லேசில் போகவில்லை. தேய்த்துத் தேய்த்துத் துடைத்தேன்.

அதை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஐம்பதை நெருங்கிய பெண், ஒரு குடும்பத்தை நடத்துகிறவள், செய்யாத பிழைக்குப் பேசின் தேய்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இந்தத் தொடரில் உடுப்பு அழுத்தும் கடையில் வேலை செய்த காலத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். ஒரு வாசகர், "உங்களுக்கு ஏன் எப்போதும் கோபம்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். கோபம் வராமல் எழுதுவதென்றால் நான் சமையல் குறிப்புத்தான் எழுத வேண்டும். இந்த வாரம் அதிலும் தப்ப முடியாது. விஷயம் மஞ்சள்.

மாட்டுக்குப் போடுவதா?

அழுத்தும் கடை மூடப்பட்ட பிறகு, வேலை தேடித் தரும் அலுவலகத்துப் பெண் என்னை லா சப்பலில் ஒரு பட்டறைக்கு அனுப்பினாள். மேலே இரண்டாம் இலக்க மெத்ரோ ரயில் ஓடும் பாலத்தைத் தாண்டி, ஒரு முற்றத்தின் உள்பக்கம். பழங்காலத்துத் தளபாடங்களைப் பழுதுபார்க்கும் இடம். எங்கள் தமிழ் ஆட்களின் கடைத்தெருவிலிருந்து பத்து நிமிட நடை. பட்டறை தொடங்கிய நாளிலிருந்து மதாம் ஒருமுறைகூட அந்தப் பக்கம் போனதில்லை. காற்று அந்தத் திசையிலிருந்து வந்தால் சன்னலைச் சாத்துவார்.

அங்கே எனக்குக் கிடைத்த வேலை வைக்கோல் ஒட்டுவது.

சிரிக்காதீர்கள். கடைத்தெருவில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான் வாராவாரம் மரக்கறி வாங்கும் கடையின் நாதன் அண்ணை தராசைக் கீழே வைத்துவிட்டே கேட்டார்: "என்ன தங்கச்சி, மாட்டுக்குப் போடுறதை ஒட்டுறதுக்கும் இஞ்சை ஆள் வைச்சிருக்கிறாங்களோ?"

"ஓம் அண்ணை" என்றேன். அப்போது அதற்குமேல் எனக்கும் தெரியாது.

இது எங்கள் நெல் வைக்கோல் அல்ல. ரை என்ற தானியத்தின் தாள், முழங்கை நீளத்துக்குக் கணு இல்லாமல் இருக்கும். அதைச் சற்றே ஈரமாக்கி, பெருவிரல் நகத்தால் நெடுகப் பிளக்க வேண்டும். குழாய் திறந்து நாடாவாகும். எலும்பினால் செய்த ஒரு தட்டைக் கருவியால் அதை அழுத்தி இழுத்தால், சுருக்கம் எடுத்த சேலைக்கரைபோல் படியும். அப்படிப் படிந்த நாடாக்களை ஒன்றோடொன்று நெருக்கி, தலைமயிர் நுழைய இடமில்லாமல் மரத்தின்மேல் ஒட்டுவார்கள். இருநூறு, முந்நூறு வருடங்களுக்கு முன்னர் இங்கே பெட்டிகள், மேசைகள், அலமாரிகள் எல்லாவற்றையும் இப்படி அலங்கரித்திருக்கிறார்கள். வார்னிஷ் தேவையில்லை. வைக்கோலுக்கே ஒரு மினுக்கம் உண்டு. நாடாவை எந்தப் பக்கம் திருப்பி ஒட்டுகிறோமோ அதற்கேற்ப வெளிச்சம் மாறும். ஒரே நிற வைக்கோலில், ஒட்டும் திசையை மட்டும் மாற்றிப் பூவும் மாளிகையும் செய்திருக்கிறார்கள்.

செய்தவர்கள் யார் என்று பஸ்காலிடம் கேட்டேன். பஸ்கால் பட்டறையில் மரவேலை பார்ப்பவர். ஒரு நாளைக்கு நாலு வசனம் பேசினால் அதிகம். மடத்துக் கன்னியாஸ்திரிகளும் செய்தார்கள், சிறையில் கிடந்தவர்களும் செய்தார்கள் என்றார். பேர் தெரியுமா என்றேன். உதட்டைப் பிதுக்கினார்.

எனக்கு அன்றே முதல் கோபம் வந்தது. எங்கள் பட்டறைக்கு வரும் ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு காகிதம் உண்டு. எந்தச் சீமாட்டியின் அறையில் இருந்தது, எந்தப் பிரபு விற்றார், யார் வாங்கினார் என்று வரிசையாக இருக்கும். குனிந்திருந்து ஒவ்வொரு வைக்கோலாக ஒட்டிய கைக்கு அதில் ஒரு வரி கிடையாது.

இந்த வேலையில் கையுறை போட முடியாது. நாடாவின் விளிம்பு தோலுக்குத்தான் தெரியும். அதனால் என் நகங்கள் எனக்குக் கருவி. முதல் மாதம் மதாம் என் கையைப் பிடித்துப் பார்த்து, எவ்வளவு உறுதியான நகம், இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது என்று மெச்சினார். அன்றும் அந்த நகம் மஞ்சளாகத்தான் இருந்தது.

மேசையில் ஒரு சூரியன்

என் பரீட்சைக் காலம் முடிய இரண்டு கிழமை இருந்தது. அதாவது, அதற்குள் பிடிக்காவிட்டால் காரணம் சொல்லாமலே அனுப்பிவிடலாம். பிடித்தால் நிரந்தரம். வீட்டில் நான் அதை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்தேன்.

அப்போதுதான் அந்த எழுதுமேசை வந்தது. சின்ன மேசை. மேல்மூடி சாய்வாக இருக்கும். மூடி முழுவதும் வைக்கோலால் ஒரு சூரியன், நடுவிலிருந்து நாலாபக்கமும் கதிர்கள். ஆனால் சூரியனின் பெரும்பகுதியை, பிறகு வந்த யாரோ ஒரு புண்ணியவான் பச்சைக் கம்பளித் துணி ஒட்டி மறைத்திருந்தார். எழுத வசதியாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். துணியை மதாம் தானே உரித்தெடுத்தார். கீழே கறுப்பும் பழுப்புமாகப் பழைய பசை கட்டியாய் அப்பியிருந்தது. அதைத் தண்ணீரும் ஸ்பிரிட்டும் கலந்த கரைசலில் பஞ்சைத் தோய்த்து, விரல் அகலம் விரல் அகலமாக எடுக்கும் வேலை எனக்கு.

அது கந்தசஷ்டி வாரம். ஆறு நாளும் எனக்குப் பாலும் பழமும்தான். குசினிப் பக்கம் போனால் மனம் அலையும் என்று சமையலை மகளிடம் விட்டிருந்தேன். அவள் ஆறு நாளும் பிட்சா வாங்கி வைத்தாள். அது வேறு கதை. ஆனால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் என் கை மஞ்சள்தூளைத் தொடவில்லை.

புதன்கிழமை மத்தியானம். ஒரு உள்ளங்கை அளவுக்குப் பசையை எடுத்திருப்பேன். கீழே கதிர்கள் தெரிந்தன. ஒன்று சாதாரண வைக்கோல் நிறம், அடுத்தது பளீரென்ற மஞ்சள். மறுபடி வைக்கோல் நிறம், மறுபடி மஞ்சள். அவ்வளவு அழகாக இருந்ததால் நான் மதாமைக் கூப்பிட்டேன். கூப்பிட்டது நான்தான் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கறைபடுத்தியவள் கூப்பிட்டுக் காட்டுவாளா?

மதாம் குனிந்து பார்த்தார். மூடியில் துணி மூடாதிருந்த ஓரங்களைப் பார்த்தார். அங்கே எல்லாக் கதிரும் ஒரே வெளிறிய நிறம். மஞ்சள் இருந்தது நான் தொட்ட இடத்தில் மட்டும். என் பக்கத்தில் கிடந்த பஞ்சுகள் எல்லாம் மஞ்சள். என் விரல்கள் மஞ்சள். என் நகங்கள், கேட்கவே வேண்டாம்.

இந்த மேசையின் காலத்து வைக்கோல் வேலையில் இப்படியொரு மஞ்சள் கிடையாது, முப்பது வருடமாக இதைப் பார்க்கிறேன் என்றார். பிறகு அந்தச் சொல்லைச் சொன்னார். "உங்கள் கறி."

பட்டறையின் மூலையில் இருக்கும் சின்ன மேசையில் நான் மத்தியானம் கையால் சாப்பிடுவது வழக்கம். கழுவிவிட்டுத்தான் வேலைக்கு வருவேன். அதை அவர் அத்தனை நாளும் கவனித்திருக்கிறார், ஒன்றும் சொல்லாமல் சேர்த்து வைத்திருக்கிறார். நான் இந்த வாரம் விரதம், கறி சாப்பிடவில்லை என்றேன். விரதத்தைப் பிரெஞ்சில் எப்படி விளக்குவது? உடம்பு சரியில்லையா என்று கேட்டார். பிறகு கையைக் கழுவிக் காட்டுங்கள் என்றார்.

கழுவினேன். பேசின் சிவந்தது. மிச்சத்தை மேலே சொல்லிவிட்டேன்.

லு எ அப்ரூவே

பேசினைத் துடைத்துவிட்டு வந்தபோது, மேசையில் அச்சடித்த கடுதாசி இரண்டு பிரதி இருந்தது. கைச் சுத்தம் பற்றிய விதியை உங்களுக்குச் சொன்னேன் என்று கோப்பில் வைக்க வேண்டும், வேறொன்றுமில்லை என்றார் மதாம். பேனாவையும் அவரே தந்தார்.

இங்கே கையெழுத்துக்கு மேலே "லு எ அப்ரூவே" என்று கைப்பட எழுத வேண்டும். வாசித்தேன், ஒப்புக்கொள்கிறேன் என்று அர்த்தம். எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்குப் பிழையில்லாமல் எழுத வருகிற ஒரே பிரெஞ்சு வசனம் அதுதான். பிரெபெக்சரில் வதிவிட அட்டைக்கு எழுதினோம், வங்கியில் எழுதினோம், வீட்டு வாடகைக்கு எழுதினோம், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் எழுதினோம். வாசித்தோமா என்று யாராவது கேட்டால் சிரிப்போம். வாசித்து, ஒரு சொல் விளங்காமல், அதை அவர்களிடம் கேட்டு, அவர்கள் பெருமூச்சு விட்டு, பின்னால் நிற்கிறவர் முணுமுணுத்து, இத்தனையும் எதற்கு? எழுதிக் கொடுத்துவிட்டால் இலக்கம் அழைத்து அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

நானும் எழுதினேன். வடிவாக எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். ஒரு பிரதியை மடித்துக் கைப்பையில் போட்டேன். மதாம்மீது எனக்குள்ள கோபத்தில் பாதி, அந்தப் பேனாவை வாங்கிய என்மீதும் உண்டு.

ஏப்ரனில் கண்டது

நாங்கள் பியர்ஃபித் புறநகரில் இருக்கிறோம். வீடு வந்ததும் மகள் தனுஜாவிடம் கடுதாசியைக் கொடுத்தேன். அவள் ஓல்னேயில் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். நான் தமிழில் கேட்டால் அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். எங்கள் வீட்டு வழக்கம் அது. அவள் தமிழில் வாயைத் திறந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்கள் இதை வாசிக்காமலோ சைன் வைச்சனீங்கள்?"

பிறகு ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். சாப்பாட்டுக் கறை படிந்த கையால் விலைமதிப்பற்ற ஒரு பழைய மேசையை நான் பழுதாக்கிவிட்டேன். அது என் கவலையீனம். அதை நான் ஒப்புக்கொள்கிறேன். கறையை நானே அகற்ற வேண்டும். வேலையில் தொடர்வது பற்றிப் பிறகு முடிவு செய்யப்படும். அடியில் என் கையெழுத்து, என் அழகான எழுத்தில் லு எ அப்ரூவே.

வேலை போனால் இன்னொன்று தேடலாம். தேடித்தான் பழக்கம். ஆனால் அடுத்த இடத்தில் இந்தப் பட்டறையைக் கூப்பிட்டு விசாரிப்பார்களே, அப்போது மதாம் என்ன சொல்வார்? கறிக் கையோடு வந்து சூரியனைக் கெடுத்தவள். ஒரு ஆளின் பேர் இப்படித்தான் போகும்.

யோசித்தபடியே பட்டறை ஏப்ரனைத் துவைக்க எடுத்தேன். பையின் பக்கம் ஒரு மஞ்சள் கறை. மத்தியானம் ஒரு பஞ்சை மறதியாகப் பையில் போட்டிருக்கிறேன். சவர்க்காரம் தேய்த்தேன். கறை சிவந்தது.

இதை எங்கள் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளைச் சட்டையில் பருப்புக்கறி சிந்தி, சவர்க்காரம் போட்டுக் குங்குமமாக்கியவர்கள் நாங்கள். சவர்க்காரத்தில் இப்படிச் சிவப்பது மஞ்சள். சந்தேகமே இல்லை.

தனுஜாவும் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப அது மஞ்சள்தானே அம்மா" என்றாள் மெல்ல. "மதாம் சொன்னது சரியாப் போச்சே."

ஒரு நிமிடம் நானே என்னைச் சந்தேகப்பட்டேன். பிறகு கையை விரித்துப் பார்த்தேன். பட்டறையில் அவ்வளவு கழுவியதில் விரல் வெளுத்துவிட்டது, நகம் மட்டும் அதே மஞ்சள். ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து, சவர்க்காரம் போட்டு, பத்து நகத்தையும் தேய்த்தேன். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது.

அவ்வளவுதான் விஷயம். வருடக்கணக்கில் நகத்தில் ஏறிய மஞ்சள் கழுவினால் போகாது. போகுமென்றால் நாங்கள் எல்லோரும் ஏன் மஞ்சள் நகத்தோடு திரிகிறோம்? ஓடுகிற மஞ்சள் புது மஞ்சள், அல்லது ஸ்பிரிட் பட்டுக் கரைந்த மஞ்சள். நான் விரதம் தொடங்கியதிலிருந்து மஞ்சளைத் தொடவில்லை. ஆகவே என் கையிலிருந்து மேசைக்குப் போகவில்லை. மேசையிலிருந்து என் கைக்கு வந்திருக்கிறது.

"பிள்ளை, அந்தச் சூரியனுக்கு மஞ்சள் போட்டிருக்கிறாங்கள்" என்றேன்.

தனுஜா பிரெஞ்சுக்கு மாறினாள். அதைப் பார்த்தே எனக்குப் பாதித் தைரியம் வந்தது. ஆனால் அவள் கேட்டது நியாயமான கேள்வி. நிரூபிப்பது எப்படி? மிச்சப் பசையை எடுத்தால் அங்கேயும் மஞ்சள் வரும். எடுத்த கை யாருடையது? உங்களுடையது. அதையும் உங்கள் தலையில்தானே போடுவார்.

நான் தொடாத இடம் வேண்டும். யாருமே தொடாத இடம்.

பித்தளைத் தகடு

மறுநாள் காலை என் மேசையில் ஒரு போத்தல் தயாராக இருந்தது. வெளுக்கிற திரவம். மேசைக்குச் சொந்தக்காரர் பிற்பகல் வருகிறார், மத்தியானத்துக்குள் மஞ்சளை எடுத்துவிடுங்கள் என்றார் மதாம்.

நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மாட்டேன் என்றேன்.

பிரான்சில் எத்தனையோ வருடம். "நோன்" என்ற சொல்லைப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன், தொலைபேசியில் சாமான் விற்கிறவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். வேலை தந்தவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

மூடியின் விளிம்பில் சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு பித்தளைத் தகடு உண்டு. ஒரு கதிரின் நுனி அந்தத் தகட்டுக்கு அடியில் போகிறது. அதைக் காட்டி, ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த பிரெஞ்சில் சொன்னேன். இந்தத் தகட்டைக் கழற்றுங்கள். கீழே மஞ்சள் இல்லையென்றால் நான் இப்போதே பையை எடுத்துக்கொண்டு போகிறேன். மஞ்சள் இருந்தால், அது என் கறி இல்லை.

மதாம் தலையை ஆட்டினார். மேசை செய்த நாளிலிருந்து கழற்றாத திருகாணிகள், தலை உடைந்துவிடும், முடியாது என்றார்.

"முடியும்" என்றார் பஸ்கால்.

பட்டறையில் அவர் அன்று பேசிய முதல் சொல். யாரும் கேட்காமலே மெல்லிய திருப்புளியோடு வந்து உட்கார்ந்தார். நாலு ஆணி. ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, காத்திருந்து, மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். நான் எட்டி நின்றேன். கை இன்னும் முதுகுக்குப் பின்னால்தான். மேசைக்கு ஒரு மீற்றருக்குள் நான் வரவில்லை என்று மதாமுக்கும் தெரிய வேண்டும்.

நாலாவது ஆணி வந்தது. பஸ்கால் தகட்டை நகத்தால் நெம்பித் தூக்கினார்.

மஞ்சள். தகட்டின் அதே வடிவில், நடுவில் சாவித் துவாரத்தோடு, நேற்றுத்தான் போட்டதுபோல் மஞ்சள். சுற்றிலும் வெயிலில் வெளிறிய அதே கதிர். அடியில் இருநூறு வருடமாக வெளிச்சம் காணாத அதன் நுனி.

மதாம் கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். "விசித்திரமாக இருக்கிறதே" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்பு என்ற சொல்லுக்காக நான் நின்றேன். அது வரவில்லை. வெளுக்கிற போத்தலை மட்டும் தன் கையாலேயே எடுத்து, சத்தமில்லாமல் அலமாரிக்குள் வைத்தார். நான் முதல்நாள்போல் தலையாட்டியிருந்தால், அந்த மேசையின் உண்மையான நிறத்தை அன்று மத்தியானத்துக்குள் என் கையாலேயே அழித்திருப்பேன். அதற்கும் என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கியிருப்பார்கள்.

பழைய பெயர்

வைக்கோலில் ஒரு துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சில வாரம் கழித்துப் பதில் வந்தது. மஞ்சள்தான். அந்தக் காலத்துச் சாயக்காரர்கள் அதைத் "தேர்ரா மெரிட்டா" என்று சொல்வார்களாம். எங்கள் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்த கிழங்கை அரைத்து, யாரோ பேர் தெரியாத ஒருவர் இந்த ஊர் வைக்கோலுக்குச் சாயம் போட்டிருக்கிறார். வெயில் பட்டால் வெளிறிவிடும். அதனால்தான் பசைக்கும் தகட்டுக்கும் அடியில் மட்டும் பிழைத்திருக்கிறது.

அன்றிலிருந்து மதாமைப் பிடிக்க முடியவில்லை. பட்டறைக்கு யார் வந்தாலும் மேசையருகே கூட்டிக்கொண்டு போவார். தேர்ரா மெரிட்டா என்று வாய் நிறையச் சொல்வார். கிழக்கிலிருந்து வந்த அபூர்வச் சாயம், எப்பாடுபட்டும் பாதுகாக்க வேண்டும் என்று அறிக்கையிலும் எழுதினார். இரண்டடி தள்ளி நான் வைக்கோல் பிளந்துகொண்டிருப்பேன். வந்தவர்கள் மேசையைத் தடவிப் பார்க்கக் கேட்பார்கள். கூடாது, கையில் எண்ணெய் இருக்கும் என்பார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவது? அதே கிழங்கு. என் நகத்தில் இருந்தால் கறை, கழுவு, தேய், பேசினைத் துடை. அவர்கள் மேசையில் இருந்தால் அதற்கு ஒரு லத்தீன் பெயர்.

இதற்கிடையில் பரீட்சைக் காலம் முடிந்தது. என்னை வைத்துக்கொண்டார்கள். கடுதாசி என்னாயிற்று என்று கேட்டேன். அதுவா, நான் எப்போதோ மறந்துவிட்டேனே என்று மதாம் சிரித்தார். அவர் மறக்கலாம். கோப்பு மறக்காது. ஒருநாள் அவர் இந்தப் பட்டறையை விற்றால், வாங்குகிறவர் கோப்பைத் திறந்து முதலில் வாசிக்கப்போவது, நான் ஒப்புக்கொண்ட குற்றத்தை.

நாதன் அண்ணையிடம் சொன்னேன். "வேலை இருக்குத்தானே, விடும் தங்கச்சி" என்றார். கடையில் நின்ற மற்றவர்களும் அதையே சொன்னார்கள். ஒரு கடுதாசிக்குப் போய் யார் சண்டை பிடிப்பது என்றார்கள். எனக்கு மதாமைவிட அவர்கள்மேல்தான் அன்று கூடக் கோபம் வந்தது. இப்படி விட்டு விட்டுத்தானே எல்லாக் கோப்பிலும் நாங்கள் ஒப்புக்கொண்டவர்களாக இருக்கிறோம்.

ஒரு பொட்டலம்

சூரியனில் சில கதிர்கள் பூச்சி அரித்து விழுந்திருந்தன. புதிதாக வைக்கோலுக்குச் சாயம் போட்டு ஒட்ட வேண்டும். மதாம் எங்கோ பெரிய இடத்தில் சொல்லி அந்தத் தேர்ரா மெரிட்டாவை எடுப்பித்தார். வந்தது பழந்தூள். நிறம் சாம்பல் அடித்துப்போய் இருந்தது. மூன்று தரம் போட்டுப் பார்த்தோம். பஸ்கால் உதட்டைப் பிதுக்கினார்.

மறுநாள் மதாம் என் பக்கத்தில் வந்து நின்றார். தேன் குழைத்த குரல். உங்கள் ஆட்களின் கடையில் நல்லதாகக் கிடைக்குமா என்று கேட்டார்.

கிடைக்கும் என்றேன்.

நாதன் அண்ணை சாமான் அடுக்கிய இறாக்கையைக் காட்டி, "கறிக்குப் போடுறதோ, முகத்துக்குப் பூசுறதோ?" என்று கேட்டார்.

"கறிக்குப் போடுறது அண்ணை. நல்ல நிறமானதாத் தாங்கோ."

காலையில் பொட்டலத்தை மதாமின் மேசையில் வைத்தேன். அவர் ஆவலோடு பிரித்து, ஒரு சிட்டிகையை விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். இதுதான், இதேதான் என்றார். எடுத்துக்கொண்டு எழும்பப் பார்த்தார். நான் பொட்டலத்தின்மேல் என் கையை வைத்தேன்.

"முதலில் கடுதாசி, மதாம்."

என் பிரதியைப் பையிலிருந்து எடுத்து விரித்தேன். கோப்பில் இருக்கும் மற்றதையும் கொண்டுவரச் சொன்னேன். கிழித்துவிடுகிறேன், போதும்தானே என்றார். போதாது என்றேன். கிழித்தால் அப்படியொன்று நடக்கவில்லை என்று ஆகும். நடந்தது. எழுதுங்கள். இந்த மஞ்சள் மேசை செய்த நாளிலிருந்து இருக்கிறது, இவருடைய கையிலிருந்து வரவில்லை, நான் சொன்னது பிழை.

மதாம் பஸ்காலைப் பார்த்தார். பஸ்கால் ஒரு மரத்துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதினார். இரண்டு பிரதியிலும் எழுதினார். கையெழுத்து வைக்கப்போன இடத்தில் நான் நிறுத்தினேன்.

"மேலே லு எ அப்ரூவே எழுத வேண்டும், மதாம். அதற்கு முன்னால் முழுவதையும் வாசியுங்கள். நான் வாசிக்காமல் எழுதிவிட்டேன்."

அவர் வாசித்தார். தான் அச்சடித்ததையும் இப்போது எழுதியதையும், முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை. நான் நின்றுகொண்டே இருந்தேன். அவசரமே இல்லை. பிறகு அந்த மூன்று சொல்லையும் எழுதிக் கையெழுத்து வைத்தார். என் பிரதியை எடுத்து நீட்டியபோது, மூலையில் அவருடைய பெருவிரல் பதிந்திருந்தது. மஞ்சளாக, ரேகையெல்லாம் தெளிவாக.

அவரும் அதைக் கண்டார். தன் விரலைப் பார்த்தார். எழும்பிப் பேசினுக்குப் போனார். சவர்க்காரத்தை அழுத்தும் சத்தம் கேட்டது, தண்ணீர்ச் சத்தம் கேட்டது, பிறகு எல்லாச் சத்தமும் நின்றது.

நான் என் இடத்தில் உட்கார்ந்து ஒரு வைக்கோலை எடுத்து, பெருவிரல் நகத்தால் பிளக்கத் தொடங்கினேன். நிமிர்ந்தபோது மதாம் பேசினையே பார்த்துக்கொண்டு நின்றார். பேசின் சிவந்திருந்தது. துணி அவருக்குப் பக்கத்தில், அதே கொக்கியில்தான் தொங்கியது.

அதை எடுத்துத் தேய்க்க அவருக்கு நெடுநேரம் பிடித்தது.